சிரிக்காத ஒரு போட்டோ

என் தாத்தா தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்தார். இது அப்பாவின் கணக்கு. தாத்தாவைக் கேட்டால் தொண்ணூற்றாறு என்பார். அத்தையைக் கேட்டால் தொண்ணூறே தாண்டவில்லை என்பாள். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன அன்றைக்குத் தனக்கு மீசை இருந்தது என்பது மட்டும்தான் தாத்தாவுக்கு நிச்சயமாகத் தெரியும். முழு மீசையா, அரும்பு மீசையா என்று அப்பா குடைந்தால், "மீசைன்னா மீசைதான்டா, அத என்னா ஸ்கேல் வெச்சா அளந்தாங்க" என்று சிரிப்பார்.

சிரிப்பார் என்று ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி ஒவ்வொரு தடவையும் எழுத என்னால் ஆகாது. தாத்தா வாயைத் திறந்தார் என்றால் சிரித்தார் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஊசி போட்டாலும் சிரிப்பு, கரண்டு போனாலும் சிரிப்பு. ஒருமுறை எங்கள் வீட்டுச் சுவர் மழையில் இடிந்து விழுந்தபோது, "அப்பாடா, காத்து வருது" என்று சிரித்தவர். அம்மா அன்றைக்கு அவருக்குச் சோறு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கும் சிரித்தார். பிறகு போட்டாள்.

அவருக்கு மேல் வரிசையில் ஒரே ஒரு பல்தான் மிச்சம். சரியாக நடுவில், காவலுக்கு நிறுத்தி வைத்தது போல நிற்கும். அப்பா ஆசை ஆசையாகப் பல் செட் கட்டிக் கொடுத்தார். தாத்தா இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் சிரிக்கறதுக்கு முன்னாடி இது சிரிச்சிடுதுடா" என்று கழற்றி டம்ளரில் போட்டுவிட்டார். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து டவுனில் பெரிய மார்க்கெட் வரைக்கும் அவருக்கு ஒத்தப்பல்லு என்றுதான் பெயர். ரேஷன் கார்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே "யாரு அது, புதுசா குடி வந்திருக்காங்களா?" என்று கேட்பார்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தாத்தாவுக்கு இருந்த ஒரே உத்தியோகம், காலை ஆறரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவதுதான். கடைசிச் சில வருடங்கள் ஓட்டவில்லை. தடி பிடித்தால் கிழவன் என்பார்களாம், அதனால் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். எதிரில் வருகிற எல்லோரும் அவருக்கு முசே. பால்காரர் முசே, போலீஸ்காரர் முசே, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடும் முசே. "போன்ழூர் முசே, கொஞ்சம் நவுரு" என்பார். மாடு நகரும். ஒரு வணக்கம், ஒரு ஐயா, அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அதையே வைத்துக்கொண்டு ஒரு ஆயுசை ஓட்டிவிட்டார்.

மார்க்கெட் போனதும் ஒரு டீ. துணைக்குக் குருசுக்குப்பத்திலிருந்து அவர் வயதை ஒட்டிய ஒரு சிநேகிதர் வருவார். அந்தக் காலத்தில் கட்டுமரத்தில் போனவர், இப்போது டீக்கடை பெஞ்சில் கரை ஒதுங்கியவர். இருவரும் பேப்பர் படிக்க மாட்டார்கள். சுவர் படிப்பார்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறிவிடும். கறுப்புக் கட்டம், கண்ணீர்த் துளி, நடுவில் போட்டோ, கீழே இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்கிற விவரம். டீக்கடைக்கு எதிர்ச்சுவரில்தான் டவுனில் எல்லோரும் ஒட்டுவார்கள். தாத்தா டீயை ஊதிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். "இதப் பாரு முசே, கல்யாண போட்டோவ வெட்டிப் போட்டுருக்கானுங்க. பக்கத்துல பொண்ணோட மால தெரியுது." பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தச் சாவுக்குப் போய்விடுவார்கள் இருவரும். தெரிந்தவர், தெரியாதவர் என்கிற பேதமே கிடையாது.

"தெரியாத ஆளு சாவுல போய் என்னாத்துக்கு குந்தற?" என்று அப்பா கத்துவார்.

"இன்னிக்கு வுட்டா அப்புறம் அந்தாள எப்ப பாக்கறது?" என்பார் தாத்தா.

போன இடத்திலும் மனிதர் சும்மா இருக்க மாட்டார். ஒருமுறை குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டில், பொழுது விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க வூட்டுக்காரரு குறட்டை வுடுவாரா மா?" என்று கேட்டாராம். அந்த அம்மாள் ஒப்பாரியை நிறுத்தி, "ஐயோ, அத ஏன் கேக்கற" என்று ஆரம்பித்து, நாற்பது வருடக் குறட்டைக் கதையைச் சொல்லி, கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாளாம். பெரியவர்கள் சேர்ந்து தாத்தாவை வெளியே அனுப்பினார்கள். கருமாதிக்கு அந்த அம்மாளே ஆள் விட்டு அழைத்தாள்.

"நான் போன ஒவ்வொரு சாவுலேருந்தும் ஒரு ஆளு எனக்கு வந்தா போதும்டா. என் சாவன்னிக்கு நம்ப ரோடே அடைச்சிக்கும், பஸ்ஸ சுத்தி வுடுவானுங்க" என்று அப்பாவிடம் பெருமையடிப்பார். அந்த நாளை மனிதர் தேர்த் திருவிழா மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் அப்பா அப்படியே நேர்மாறு. வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டை போடுகிறவர். யாராவது பார்த்துவிடுவார்களோ, யாராவது பேசிவிடுவார்களோ என்று பயந்தே தலை நரைத்தவர். அவர் நிம்மதியைக் கெடுத்தது எதிர்வீட்டுக்காரரின் அஞ்சலி போஸ்டர். ராஜஸ்தான் டூர் போனபோது ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து எடுத்த போட்டோவைத்தான் அவர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு வெட்டியும் ஒட்டகத்தின் ஒரு காது மட்டும் போகாமல் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பார்த்துவிட்டு வந்த அப்பா நேராகப் பீரோவைத் திறந்து வீட்டிலிருந்த அத்தனை போட்டோவையும் தரையில் பரப்பினார்.

ஒன்றில்கூடத் தாத்தா சும்மா இல்லை. கல்யாண போட்டோவில் சிரிக்கிறார். அத்தையைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது மொத்தக் குடும்பமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, பின்னால் நின்று சிரிக்கிறார். ஆதார் அட்டைக்குச் சிரிக்காதீர்கள் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள்; அடக்கி அடக்கிப் பார்த்து வெடித்த நொடியில் எடுத்துவிட்டார்கள் போல, கண் இரண்டும் மூடி, பல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

"நாளைக்கு ஒண்ணுன்னா எதப் போடறது?" என்று அப்பா தலையில் கை வைத்தார். "கண்ணீர் அஞ்சலின்னு எழுதிட்டு கீழ ஈன்னு இளிச்சிட்டு இருந்தா ஊரு என்னா சொல்லும்? பெத்தவன் செத்ததுக்குப் புள்ள குஷியா போஸ்டர் அடிச்சிருக்கான்னு பேச மாட்டாங்களா?"

தாத்தா கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னார்: "பேசட்டும்டா. நான் எழுந்து வந்து கேக்கப் போறேனா?"

அன்றிலிருந்து சிரிக்காத ஒரு போட்டோ எடுத்தே தீருவது என்று அப்பா கிளம்பிவிட்டார். முதலில் ஸ்டூடியோ. தாத்தாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பவுடர் அடித்து ஸ்டூலில் உட்கார வைத்தோம். போட்டோகிராபர், "பெரியவரே, மூஞ்ச சாதாரணமா வெச்சிக்கோங்க" என்றார். "இதான் முசே சாதாரணம்" என்றார் தாத்தா.

"துக்கமா எதனா நெனச்சிக்கோ பா" என்று அப்பா கெஞ்சினார்.

தாத்தா கண்ணை மூடி யோசித்தார். முகம் மெல்ல இறுகியது. வாய் மூடியது. நாங்கள் மூச்சு விடவில்லை. போட்டோகிராபரின் விரல் பட்டனுக்குப் போன சமயத்தில் மனிதர் ஸ்டூலோடு குலுங்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னா பா நெனச்ச?"

"உன் மாமன் சாவத்தான்டா நெனச்சேன். பாடை தூக்குனதுல மூணு பேரு பனமர ஒசரம், ஒருத்தன் மட்டும் குட்டை. உன் மாமன் வழி பூரா ஒரு பக்கமா சறுக்கிட்டே போனான். ஒவ்வொரு முக்குலயும் ஏத்தி ஏத்தி வெச்சோம்."

போட்டோகிராபர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிடைத்த போட்டோவில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது நிலவேம்புக் கஷாயம். ஒரு டம்ளர் முழுக்கக் கொடுத்துவிட்டு, கசப்பு ஏறும்போது எடுத்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். எடுத்தோம். சிரிப்பில்லைதான். ஆனால் அடுத்த நொடி வாந்தி எடுக்கப் போகிற முகம். "இதப் போட்டா விஷம் வெச்சிட்டான்னு உன்னத்தான் புடிப்பாங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா அதை உடனே அழித்தார்.

கடைசியாக ஒரு மத்தியானம், தாத்தா தூங்கும்போது எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அப்பா முக்காலி மேல் ஏறி நின்று, கட்டிலுக்கு நேர் மேலே போனைப் பிடித்துக் குனிந்தார். போன் நழுவித் தாத்தாவின் நெஞ்சில் விழுந்தது. தாத்தா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: "போயிட்டேனான்னு பாக்கறியா?"

நான் சிரித்து உருண்டேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு வேற வேலையே இல்லியா பா? அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போறாரு" என்று நானும் சேர்ந்து சொல்லித் தொலைத்தேன்.

அப்பா முக்காலியிலிருந்து இறங்கி என்னை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனார். கத்தவில்லை. "நான் ஸ்கூலு படிக்கறப்ப இவரு மில்லுலேருந்து வர வழியில ஸ்கூலு கேட்டுகிட்ட நின்னு எல்லாரையும் சிரிக்க வெப்பாரு. மறுநாளு என்னைப் பாத்தாலே பசங்க சிரிப்பாங்க. அவருக்கு என்னாத்தையும் ஒழுங்கா எடுத்துக்கத் தெரியாது. கடைசியா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நாலு பேரு எங்கப்பன மரியாதையா பாக்கணும்னு ஆசைப்படறேன். இது தப்பா?" என்றார். அதற்குப் பிறகு அவர் போட்டோ பேச்சை எடுக்கவே இல்லை.

சிரிக்காத அந்தப் போட்டோவைக் கடைசியில் எடுத்தது நான்தான். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்தேன்.

அடுத்த வருடமே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடனே ஆபரேஷன் என்றார்கள். தாத்தா நானும் வருவேன் என்று அடம் பிடித்து வந்துவிட்டார். நோயாளியோடு தங்குகிறவருக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் வேண்டும் என்றார்கள். நான் தங்குகிறேன் என்றேன், தாத்தா கேட்கவில்லை. அவரை நடைபாதையில் வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்தி, "நேரா பாரு தாத்தா" என்று போனைத் தூக்கினேன். பழக்க தோஷத்தில் பல் தெரியும் வரைக்கும் காத்திருந்தேன். தெரியவில்லை. வாய் ஒரு கோடு மாதிரி மூடியிருந்தது. கண் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னாலிருந்த ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்தது. யாரோ வேற்று வீட்டுக் கிழவரைப் படம் எடுப்பது போல எனக்கு உடம்பு கூசியது.

"உங்கப்பன எப்ப வெளிய கொண்டாருவாங்க?" என்று மட்டும் கேட்டார். ஐந்து மணி நேரத்தில் அதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் அப்பா கண் விழித்ததும் பல் திரும்பி வந்துவிட்டது. "என்னாடா, என் போஸ்டருக்கு அலைஞ்சி அலைஞ்சி உன் போஸ்டர அடிக்கப் பாத்தியே" என்று ஐசியூவிலேயே சிரித்து, நர்ஸ் அம்மாவிடம் திட்டு வாங்கினார். அந்தப் படத்தை நான் அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார் என்று பயமாக இருந்தது. எனக்கு அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கவே பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில், சர்க்கரை கம்மி என்று டீயைத் திருப்பி அனுப்பி, இன்னொரு ஸ்பூன் போட வைத்து, முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் செருப்பு இருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

அப்பா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு, "போட்டோ" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் ஒளித்து வைக்க முடியவில்லை. போனை நீட்டினேன். அப்பா அதை நெடுநேரம் பார்த்தார். "இதான். இது மாதிரிதான் கேட்டேன். எப்ப எடுத்த?"

"எப்பவோ எடுத்தது பா."

ஒன்பது மணிக்கெல்லாம் போஸ்டர் தயார். கறுப்புக் கட்டத்துக்கு நடுவில் யாரோ ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் மாதிரி தாத்தா முறைத்துக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டுப் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம். மார்க்கெட் சுவர், டவுனில் இன்னும் நாலைந்து இடம் என்று ஒட்டிவிட்டு வந்தார்கள். அப்பா பெரிதாக ஷாமியானா போடச் சொல்லி, நூறு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். தாத்தாவின் டவுன் சிநேகிதம் எல்லாம் வர வேண்டுமே. அவரிடம் போன் கிடையாது, அவருடைய ஆட்கள் நம்பர் எங்கள் யாரிடமும் கிடையாது. போஸ்டர்தான் ஒரே வழி.

பதினொன்றரை ஆயிற்று. தெருக்காரர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். டவுனிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. நூறில் அறுபது நாற்காலி ஆளில்லாமல் கிடந்தது. மேளக்காரர்கள் தங்களுக்குள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தார். "ஊருல இருக்கற அத்தன சாவுக்கும் போனாரே. ஒருத்தனுக்குக் கூடவா வரணும்னு தோணல?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஊர் சனங்களே இப்படித்தான், சிரிக்க வைக்கும் வரைக்கும்தான் மனுஷன் வேண்டும் என்று மனதுக்குள் எல்லோரையும் வைதேன். வருகிறவர்களுக்கு வழி காட்ட என்னைத் தெருமுனையில் நிற்கச் சொன்னார்கள். வழி காட்ட யாரும் வரவில்லை.

அப்போதுதான் குருசுக்குப்பத்துத் தாத்தா சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார்.

"எங்க மா உன் தாத்தா? காலையிலேருந்து டீக்கடையில பாத்துட்டே இருக்கேன், ஆளக் காணோம். இன்னிக்கு உங்க முதலியார்பேட்டையிலயே ஒரு சாவு இருக்கு தெரியுமா? பேப்பர் ஒட்டிருக்காங்க. பேரு யாரோ எவரோ. மீதி எழுத்து பொடியா இருக்கு, தெரியல."

நான் அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாவம், யாரோ கடுகடுன்னு ஒரு மனுஷன்" என்று அவர் தொடர்ந்தார். "ஜென்மத்துல சிரிச்சிருக்க மாட்டான் போல. அந்த மாதிரி ஆளு சாவுக்கு நாதி இருக்காது மா. ஒத்தப்பல்லக் கூட்டிட்டுப் போனா கொஞ்சம் கலகலன்னு இருக்குமேன்னுதான் வந்தேன். எழுப்பி வுடு, போ."

"தாத்தா, அது அவருதான்" என்றேன்.

"எவரு?"

"சுவத்துல இருக்கறது. எங்க தாத்தாதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவன்தான சொல்லி அனுப்பினான்? எங்க ஒளிஞ்சிட்டு இருக்கான்? டேய்!" என்று தெருவுக்குள் குரல் கொடுத்தார். பதிலுக்கு மேளம் ஒரு தட்டுத் தட்டியது. ஷாமியானாவைப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தார். சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தவர், அப்பா பக்கம் திரும்பினார். "இது அவன். சுவத்துல ஒட்டிருக்கியே, அது யாருடா?"

"அப்பாதான் மாமா."

"அம்பது வருஷமா பாத்த மூஞ்சி, எனக்கே தெரியல. மார்க்கெட்டே அதப் பாத்துட்டு யாரோ எவரோன்னு தாண்டிப் போவுது. அவன் பேரு அதுன்னு யாருக்குடா தெரியும்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "எப்ப எடுத்த அத?"

இனி மழுப்ப முடியாது. "உனக்கு ஆபரேஷன் நடந்தப்ப பா. பாஸுக்கு எடுத்தேன்."

"நான் உள்ள இருந்தப்பவா?"

"ஆமாம்."

அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி மறுபடி பார்த்தார். காலையில் பெருமையாகப் பார்த்த அதே படம்தான். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி அழுதார். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு விடாதவர். அத்தைகூட ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நானும் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருக்கறதுலயே பெருசா சிரிக்கற போட்டோ எது?"

என் போனில் அந்த மாதிரி இருநூறு போட்டோவாவது இருக்கும். கேக் வாங்கிய ஒரு நாளில் எடுத்த ஒன்றைக் காட்டினேன். கண் இல்லை, மூக்கில் கிரீம், நடுவில் பல் மட்டும். அப்பா தானே பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டார். படத்தைப் பார்த்த கடைக்காரர், "சார், இது பிறந்தநாளுக்குத்தான நல்லா இருக்கும்? பலூன் டிசைன்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டாராம். "கண்ணீர் அஞ்சலிதான். கண்ணீரப் பெருசா போடுங்க. பேரு வேணாம். ஒத்தப்பல்லுன்னு போடுங்க" என்றார் அப்பா. கடைக்காரர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

போஸ்டர் ஒட்டுகிறவர்களைத் தேட நேரமில்லை. அம்மா அடுப்பில் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். அப்பா பசை வாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். அத்தை வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"அடப்பாவி, பொணத்தப் போட்டுட்டுப் பெரிய புள்ள எங்கடா போற? ஊரு சிரிக்கும்டா!"

"சிரிக்கட்டும்" என்றார் அப்பா.

கடையில் போஸ்டரை வாங்கிக்கொண்டு மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் மூன்று ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றிலும் பசை என் முதுகில் தெறித்தது. சுவரில் தாத்தா முறைத்துக்கொண்டிருந்தார். அப்பா இஸ்திரிச் சட்டையோடு கையை வாளிக்குள் விட்டு, பழைய போஸ்டரின் மேலேயே பசையை வழித்துப் பூசினார். நான் மேல் மூலையைப் பிடித்தேன், அவர் கீழே இழுத்து ஒட்டினார். முதல் தடவை தலைகீழாக ஒட்டிவிட்டோம். பிய்த்துத் திருப்பி ஒட்டி, உள்ளங்கையால் கன்னத்தைத் தடவித் தடவிச் சுருக்கத்தை எடுத்தார். தாத்தாவுக்கு உயிரோடு இருந்தபோது அப்பா அப்படித் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கூடையோடு ஒரு அம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். சுவரை ஏறிட்டுப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து சிரித்தாள். தினமும் எதிரில் பார்த்துச் சிரித்த பழக்கம். "என்னா பெருசு, எலெக்சன்ல நிக்கறியா?" என்றவள், பாதிச் சிரிப்பிலேயே கறுப்புக் கட்டத்தைப் பார்த்தாள். கூடை இடுப்பிலிருந்து இறங்கியது.

"நீங்க யாரு?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"புள்ள."

"இஸ்திரி போடாம கக்கூசு கூட போவ மாட்டான்னு பெருசு சொல்லும், அந்தப் புள்ளையா?" அவள் அப்பாவின் பசைச் சட்டையைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு வருசம் முன்னாடி ஒரு நாளு இந்தப் பக்கமே வரல. மறுநாளு வந்து எம்புள்ள பொழச்சிட்டான், எம்புள்ள பொழச்சிட்டான்னு ஒவ்வொரு கடையா சொல்லிட்டுப் போச்சு. எனக்கு மட்டும் மூணு தடவ சொல்லிச்சு. எத்தினி மணிக்குத் தூக்கறீங்க?"

"நாலு மணிக்கு" என்றார் அப்பா.

அவள் கூடையை ஈரச்சாக்கால் மூடி, பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, மார்க்கெட்டுக்குள் பார்த்துக் கத்தினாள்: "ஏய், ஒத்தப்பல்லு பூட்டாருடி! நம்ப ஒத்தப்பல்லு!" உள்ளே தராசுகள் நின்றன. டீ மாஸ்டர் கிளாசைக் கையில் வைத்தபடியே வெளியே வந்தார். பூக்கார அம்மாள் வந்தாள், வாழைமண்டிக்காரர் வந்தார். வந்த எல்லோரும் சுவரைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், பிறகுதான் வாயில் துணியை வைத்தார்கள். அடுத்த சுவருக்குப் போக வாளியைத் தூக்கி அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். முதலியார்பேட்டைப் பக்கம் அதற்குள் இருபது முப்பது பேர் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பஸ் ஹாரன் அடித்தது.